முந்நூற்று முப்பத்தொரு கிராம் கூகை

எடை போட்டுப் பார்க்காமல் எனக்கு எதுவும் ஓடாது. வெங்காயம் வாங்கிவந்தால்கூட பையைக் கையில் தூக்கிப் பார்த்து, இது ஒரு கிலோ இல்லை என்று திரும்பக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவேன். பெரும்பாலும் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். முன்பெல்லாம் ‘எப்போதும்’ என்று சொல்லியிருப்பேன். இப்போது ‘பெரும்பாலும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்குக் காரணம் ஒரு கூகை.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை இராஜபாளையத்தில், ஒரு பேண்டேஜ் கம்பெனியில். பத்தொன்பது வருடமாகத் துணியின் தரம் பார்க்கிறேன். வட்டக் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்பினால் அப்பளம் மாதிரி ஒரு வில்லை வரும். அதைத் தராசில் போட்டால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். தாளில் இருக்கிற எடைக்குக் குறைந்தால் அந்தத் துணி உருளைக்குச் சிவப்பு ஸ்டிக்கர். யார் வந்து கெஞ்சினாலும் நான் அதை உரிக்க மாட்டேன். முதலாளியே ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, "இந்தம்மாகிட்ட பேச முடியாதுப்பா" என்று போய்விட்டார்.

இந்த வேலையில் முக்கியமானது தராசு இல்லை, தாள். துணி எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுக்கு, எடை அளவு போட்ட ஒரு தாள். ஒருவர் கனமாகக் கேட்பார், இன்னொருவர் லேசாகக் கேட்பார். இரண்டும் நல்ல துணிதான். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஜெர்மனிக்குப் போகிற துணியை அமெரிக்காவுக்கு உள்ள தாளை வைத்துச் சரிபார்த்து, வரிசையாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். "ஏட்டி, ஊரு மாறினா தாளும் மாறும்னு ஒனக்கு எத்தன தடவ சொல்ல?" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அழுதேவிட்டாள். அவளை அழவைத்ததை இங்கே சொல்லிவைக்கிறேன். பின்னால் அது என்னிடமே திரும்பி வந்தது.

எங்கள் கம்பெனியின் பின்பக்கம் ஒரு பழைய குடோன் உண்டு. கழிவுப் பஞ்சும், நான் ஒதுக்கிய உருளைகளும் கிடக்கும். அதன் உச்சியில், கண்ணாடி உடைந்த ஒரு வென்டிலேட்டர் மாடத்துக்குள் ஒரு ஜோடிக் கூகை இருந்தது. ஆந்தைச் சாதிதான். வெள்ளை மூஞ்சி, கறுப்புக் கண், மஞ்சள் முதுகு. கூவாது. சீறும், இல்லாவிட்டால் கிறீச்சென்று அலறும். பாதிப் பேர் அதைச் சாவுக்குருவி என்பார்கள். லோடு ஏற்றுகிற அண்ணாச்சி மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். குடோனுக்கு அவர்தான் ராஜா. கூகை கக்கிப் போட்ட உருண்டைகளைக் காலால் உடைத்துக் காட்டுவார். உள்ளே எலி முடியும் சின்னச் சின்ன எலும்பும் இருக்கும். "பாத்தியாம்மா, அம்புட்டும் எலி. நமக்குச் சம்பளமில்லாம வேல பாக்குது" என்பார்.

தை மாதம் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. அதே நேரத்தில்தான் எங்களுக்கு வெளிநாட்டு ஆடிட் வந்தது. துணி வைக்கிற இடத்தில் எலி இருக்கக் கூடாது என்று தாளில் ஒரு வரி. அதற்காகக் குடோன் முழுக்க எலி மருந்து வைத்தார்கள். எங்கெங்கே வைத்தது என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். மருந்து தின்ற எலியைக் கூகை தின்னும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்த உருண்டைகளைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்!

ஆடிட் முடிந்த வாரத்தில் பெட்டைக் கூகை வென்டிலேட்டருக்கு நேர் கீழே செத்துக் கிடந்தது. வாயோரத்தில் ரத்தம். அண்ணாச்சி அதைக் காகிதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நான் அதை வாங்கித் தராசில் வைத்தேன். நானூற்று இருபத்திரண்டு கிராம். எதற்கு எடை போட்டேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கை பரபரத்தால் நான் எடை போடுவேன். ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் அதை எழுதியும் வைத்தேன்.

அன்றைக்கே மருந்துக் கட்டி அத்தனையையும் என் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்டேன். அண்ணாச்சி ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"உள்ள மூணு குஞ்சு கெடக்கும்மா. ரெண்டு பெருசு, ஒண்ணு ரொம்பச் சின்னது. இனிமே ஒத்தக் கூகதான். மூணுக்கும் அது கொண்டாந்தாத்தான் உண்டு" என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் குடோன் பக்கம் நின்று பார்ப்பேன். இருட்டத் தொடங்கும்போது ஆண் கூகை சத்தமே இல்லாமல் போகும், வரும். உள்ளே மூன்று குரலில் சீறல் கேட்கும். அதைக் கேட்டால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை. நான் உள்ளே வந்து பையைக்கூட வைக்கவில்லை, அண்ணாச்சி ஓடிவந்தார். "எம்மா, கூக மாட்டிக்கிச்சு, வா!"

குடோனுக்குள் கம்பியில் தொங்கப் போட்டிருந்த பேண்டேஜ் துணியில் இறக்கையும் காலும் சிக்கி, ஆண் கூகை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஒரு சாக்கைப் போட்டு அதைப் பிடித்துக்கொள்ள, நான் கத்தரியால் நூல் நூலாக வெட்டினேன். நகம் என் சுண்டுவிரலைக் கிழித்துவிட்டது. இறக்கையை விரித்துப் பார்த்தோம். காயமில்லை. கால் எலும்பும் நன்றாக இருந்தது. ஏணி அங்கேயே சாய்ந்து நின்றது. அண்ணாச்சி கூகையோடு அதில் முதல் படியும் ஏறிவிட்டார்.

"செத்த நேரம் இருங்க அண்ணாச்சி" என்றேன் நான்.

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவரை ஏறவிட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. எனக்கு ஒரே பயம், இதுவும் மருந்து எலியைத் தின்றிருக்குமோ என்று. அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள நான் போனது தராசிடம். துணிப்பைக்குள் போட்டு எடை போட்டு, பையின் எடையைக் கழித்தேன். முந்நூற்று முப்பத்தொரு கிராம்.

பெட்டை நானூற்று இருபத்திரண்டு. இது தொண்ணூற்றொரு கிராம் கம்மி. போனை எடுத்து இந்தப் பறவையின் எடை என்ன என்று தேடினேன். முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். படத்தில் அதே வெள்ளை மூஞ்சி, அதே கறுப்புக் கண். நல்ல ஆரோக்கியமான பறவை அரைக் கிலோவை ஒட்டி இருக்கும் என்று போட்டிருந்தது. மேற்கொண்டு நான் படிக்கவில்லை. எனக்குத் தாள் கிடைத்துவிட்டது. தாளுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. துணியாக இருந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர்தான்.

"இதை விடக் கூடாது அண்ணாச்சி. விஷம் ஏறியிருக்கு. ஆளே பாதியாயிருச்சு. விட்டா இதுவும் செத்து விழும். வச்சுத் தேத்தி விடுவோம்."

அவர் கூகையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "தராச விடும்மா. நான் கையில புடிச்சேன்ல? திமிறின திமிறு எனக்குல்ல தெரியும். சீக்காளி இப்படியா திமிறும்? உள்ள மூணும் காலைலருந்து கத்திக்கிட்டுக் கெடக்கு."

"ஒங்களுக்கு மூட்டை தூக்கத்தான் தெரியும். எடை என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

சொன்ன மறு விநாடியே எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுக்கிற குணம் எனக்கு அப்போது கிடையாது. அண்ணாச்சி சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மானேஜர் கேள்விப்பட்டு வந்தார். என் அறை வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "சாவுக்குருவிய ரூமுக்குள்ள வச்சிருக்கீங்களாம்மா? வேன்ல போட்டு அய்யனார் கோவில் பக்கம் கொண்டு போய் மலையில விட்டுட்டு வரச் சொல்றேன்."

"மலையில விட்டா, இங்க இருக்கிற குஞ்சுகளுக்கு யாரு சார் கொண்டாந்து போடுவா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கப்புறமும் இங்க இருந்துச்சுன்னா வேன் போயிரும்."

அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, கழிவுத் துணி விரித்து, கூகையை என் அறையிலேயே வைத்தேன். கோழி ஈரல் வாங்கிவரச் சொல்லி நறுக்கி உள்ளே போட்டேன். தொடவில்லை. இடுக்கியில் பிடித்து வாயில் திணித்தேன். துப்பியது. மூலையில் ஒண்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே சீறியது. மேசைக்கு அந்தப் பக்கம் பேக்கிங் பார்க்கிற அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எட்டிப் பார்த்து "அய்யோ பாபம்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. பாவம் பார்த்துத்தானே வைத்திருக்கிறேன், இதில் எனக்கெதற்கு எடுத்துச் சொல்ல வேண்டும்!

சாயங்காலம் அண்ணாச்சி கேட்காமலே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிச்ச ஈரலை ஒரு குச்சியில் குத்திக் குத்திக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பெருசு ரெண்டும் பறிச்சுத் திங்குது. சின்னது பின்னாலயே நிக்குது. கிட்ட வர மாட்டேங்குது" என்றார் மேலிருந்து.

"பெருசு ரெண்டும் திங்கட்டும். சின்னதுக்கு நாளைக்குப் பாத்துக்கிடுவோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

இதையும் நான்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை பெட்டியைத் திறந்ததும் தராசுதான். முந்நூற்றுப் பதினெட்டு. தாளில் எழுதினேன். ஈரல் போட்டது போட்டபடி காய்ந்து கிடந்தது. வேறு கறி வாங்கிவரச் சொன்னேன். அதையும் தொடவில்லை. மத்தியானம் சோற்றைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே மூடினேன். அறைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். அன்று சாயங்காலமும் பெரிய குஞ்சுகள் இரண்டும்தான் வாங்கின.

வெள்ளிக்கிழமை காலை முந்நூற்று மூன்று. பயத்தோடு தாளில் எழுதினேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், நான் சொன்னது சரிதான் என்றும் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகும்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, கொறைஞ்சுக்கிட்டே வருது. விஷம்தான்."

"ஒன்னையும் ரெண்டு நாள் பெட்டிக்குள்ள போட்டு வச்சா ஒனக்கும்தான் கொறையும்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

சாயங்காலம் வேன் வந்துவிடும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். போன் போட்டேன். "உடனே கொண்டு வாங்கக்கா" என்றாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பஸ் பயணத்தை மறக்க முடியாது. உட்கார இடம் கிடைத்தது. மடியில் பெட்டி. இராஜபாளையத்தைத் தாண்டும் வரை சும்மா இருந்த கூகை, ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கியதும் சீற ஆரம்பித்தது. குக்கர் விசில் விட முடியாமல் முக்குகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்திலிருந்த அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விலகினார். கண்டக்டர் வந்து நின்றார்.

"என்னம்மா பெட்டிக்குள்ள சீறுது? பாம்பா?"

"பூனைக்குட்டி" என்றேன்.

"பூனை இப்படியா சீறும்?"

"கோவமா இருக்கு" என்றேன். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீறல் நின்றது. நின்றது இன்னும் பயமாக இருந்தது. செத்துவிட்டதோ என்று ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், இருட்டு. பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்தேன். மறுபடியும் சீறியது. அப்பாடா என்றிருந்தது. இப்படி ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் நாலு தடவை ஆட்டியிருப்பேன். அதை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

டாக்டரிடம் கூட்டம். ஒரு பெரிய வெள்ளை ராஜபாளையம் நாய் படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் மடியில் பொசுபொசுவென்று ஒரு பொமரேனியன். டாக்டர் என் பெட்டியை முதலில் உள்ளே வாங்கிக்கொண்டாள். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். பெட்டை செத்தது, எடை, தாள், மருந்து, நாளுக்கு நாள் குறைந்தது, எல்லாம். என் தாளையும் நீட்டினேன்.

அவள் தாளை வாங்கவில்லை. கூகையைத் துண்டில் சுற்றிப் பிடித்து, அலகைத் திறந்து வாய்க்குள் பார்த்தாள். கண்ணின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். இறக்கையை விரித்து அடியில் ஊதிப் பார்த்தாள். எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. "எலி மருந்துன்னா வெளிறியிருக்கும்க்கா. ரத்தக்கட்டு இருக்கும். இதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு அதன் நெஞ்சில் இரண்டு விரலை வைத்துத் தடவினாள்.

"இங்க கைய வைங்க."

வைத்தேன். நடுவில் நெஞ்செலும்பு. அதன் இரண்டு பக்கமும் சதை இருந்தது. அவ்வளவு மெத்தென்ற இறகுக்கு அடியில் அது கெட்டியாக, சூடாக இருந்தது.

"சீக்குப் பறவைன்னா இந்த எலும்பு கத்தி மாதிரி குத்தும். ரெண்டு நாள் பட்டினிக்கே இம்புட்டு சதை நிக்குதுன்னா, நீங்க புடிச்ச அன்னைக்கு இது கொழுகொழுன்னு இருந்திருக்கும்க்கா."

"முந்நூத்தி முப்பத்தொண்ணுதானே இருந்துச்சு. அரைக் கிலோல்ல இருக்கணும்?"

"எங்க போட்டிருந்துச்சு?"

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் விரலால் மேலே தள்ளி, தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த வரியைக் காட்டினாள். அமெரிக்கா என்றிருந்தது.

"அக்கா, இது அமெரிக்காவுல உள்ள கூக. அது பெருசு. ஐரோப்பாவுல உள்ளது முந்நூறு, முந்நூத்தம்பதுலயே ராஜா மாதிரி பறக்கும். கலபகோஸ்னு கடலுக்கு நடுவுல தீவு இருக்கு, அங்க உள்ளது அமெரிக்கக் கூகையில பாதிதான். டாஸ்மேனியாவுல இந்தக் குடும்பத்துலயே ஒண்ணு இருக்கு, அதுல பெட்டை ஒரு கிலோவத் தாண்டும். நம்ம அந்தமான்லயே தனியா ஒண்ணு இருக்கு. மூஞ்சிய மட்டும் பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். வெளிய ராஜபாளையம் படுத்திருக்குல்ல? அதோட எடைய வச்சு அந்தப் பொமரேனியன நிறுத்தா, ஐயோ சாகப் போவுதுன்னுதான் தோணும்."

"சரி, நம்ம ஊருக் கூகை எம்புட்டு இருக்கணும்?"

"இம்புட்டுத்தான்னு அடிச்சுச் சொல்ல எங்கிட்டயே அளவு இல்லக்கா. அதான் நெஞ்ச தொட்டுப் பாக்கிறது."

"அப்போ பெட்டை நானூத்தி இருவத்திரெண்டு? அது இந்த ஊருதானே? இதே கூடுதானே?"

"இந்தச் சாதியில பெட்டைதான் பெருசு. ஆணு எளைச்சுத்தான் இருக்கும். லேசா இருந்தாத்தானே ராத்திரி முழுக்க எலியத் தூக்கிக்கிட்டு அலைய முடியும்?"

ஊரு மாறினா தாளும் மாறும். அந்தப் பெண்ணை அழவைத்துச் சொன்ன அதே வார்த்தை. இத்தனை வருடம் அதை விற்றுச் சம்பளம் வாங்கியவள், ஒரு வரி மேலே பார்க்காமல் அமெரிக்கத் தாளை வைத்து இராஜபாளையத்துக் கூகைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். தாளுக்கு எடை குறையவில்லை. நான் பெட்டிக்குள் போட்டு வைத்துத்தான் குறைத்திருக்கிறேன். அண்ணாச்சி கையில் பிடித்த மாத்திரத்தில் சொன்னாரே!

டாக்டர் வனத்துறைக்குப் போன் செய்தாள். காயம் இல்லையென்றால் பிடித்த இடத்திலேயே விட்டுவிடச் சொன்னார்கள். அவள் ஒரு துளி நீர்மருந்து அலகோரம் விட்டு, பெட்டியை மூடிக் கொடுத்தாள். "இன்னைக்கு இருட்டுறதுக்கு முன்னால அங்க இருக்கணும்க்கா. குஞ்சுகளுக்கு இது மூணாவது நாளு. சின்னக் குஞ்சு தாங்காது."

திரும்பி வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். எனக்கு அந்த ரயிலை இறங்கிப் போய்த் தள்ளிவிடலாம் போல இருந்தது. கம்பெனிக்குள் நுழையும்போது வேன் தயாராக நின்றது. மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேன் வேண்டாம் சார். இங்கயே விடப் போறேன். இப்பவே" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, டிரைவருக்குக் கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

அண்ணாச்சி குடோன் வாசலில் நின்றார். பெட்டியை லோடு ஏற்றுகிற மேடையில் வைத்துத் திறந்தேன். கூகை ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு மேடை விளிம்புக்கு நடந்துவந்து, இறக்கையை விரித்து, வேப்பமரத்துக்கு மேலே எழும்பி, கண்மாய்ப் பக்கம் போய்விட்டது. வென்டிலேட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்கிட்டுப் போவுதே அண்ணாச்சி!"

"அதுக்குப் பசிக்காதா? தின்னுட்டு வரும். செத்த நேரம் பொறு."

பொறுத்தேன். ஷிப்ட் முடிந்து எல்லோரும் போனார்கள். வீட்டுக்குப் போன் செய்து வர நேரமாகும் என்றேன். இரண்டு நாள் மனிதர் கை பட்ட பறவை, பெட்டிக்குள் அடைபட்ட இடத்துக்குத் திரும்பி வருமா? நானாக இருந்தால் வரமாட்டேன். வென்டிலேட்டரில் சீறல் லேசாகக் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. எத்தனை குரல் என்று எண்ணப் பார்த்தேன், எண்ண முடியவில்லை.

"அன்னைக்கு மூட்டை அது இதுன்னு பேசிட்டேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"அத விடு" என்றார். விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கும் போகவில்லை.

இருட்டு கட்டிய பிறகு தலைக்கு மேலே ஏதோ வெள்ளையாகக் கடந்தது. இறக்கைச் சத்தமே இல்லை. அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். காலில் எலி தொங்க, கூகை வென்டிலேட்டருக்குள் நுழைந்தது. உள்ளே ஒரே களேபரம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அது வெளியே வந்து போய், கொஞ்ச நேரத்தில் இன்னொரு எலியோடு வந்தது.

அண்ணாச்சி காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு சத்தம்தாம்மா கேக்குது."

"சின்னதுக்குச் சத்தமும் சின்னதா இருக்கும்" என்றேன். பஸ்ஸில் வழியெல்லாம் அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். ஏணியில் நானே ஏறினேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. பெரிய குஞ்சுகள் இரண்டும் வயிறு புடைக்க, என்னைப் பார்த்துச் சீறின. அவற்றுக்குப் பக்கத்தில், தலையை மட்டும் தின்றுபோட்ட ஒரு எலி மிச்சம் கிடந்தது. தின்ன ஆளில்லாமல் மிஞ்சிய எலி. சின்னது சுவரோரம் குப்புறக் கிடந்தது. தொட்டதும் தெரிந்துவிட்டது. நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தேன். எலும்பு குத்தியது.

ஒரு துண்டு பேண்டேஜ் துணியில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். கால் தானாக என் அறைக்குப் போனது. கை தானாகத் தராசைப் போட்டது. திரையில் சுழியம் வந்து நின்றது. பக்கத்தில் அந்தத் தாள். நானூற்று இருபத்திரண்டு, முந்நூற்று முப்பத்தொன்று, முந்நூற்றுப் பதினெட்டு, முந்நூற்று மூன்று. அதற்குக் கீழே இடம் இருந்தது.

அண்ணாச்சி பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். அந்த அறையில் என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"எம்புட்டும்மா இருக்கும்?"

துணியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"தெரியல அண்ணாச்சி" என்றேன். அவர் மண்வெட்டி எடுக்கப் போனார். நான் தராசை அணைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.